அம்மாவின் பாகும் என் பொய்யும்

அன்புள்ள வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றி டாக்டரிடமே போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாய், அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது, கோடை வரை தாங்கினால் பெரிய விஷயம் என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அதைக்கூட ஜீரணித்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம், உன் இருமல் பாகை ஊத்தி ஊத்தியே அப்பாவை முடிச்சிட்டியே என்று கத்தினாயாமே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மீதமிருந்த பாட்டில்களை எல்லாம் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா சளிக்கு ஒரு பாட்டில் கேட்டு வந்தபோது கதவையே திறக்கவில்லை.

நடந்ததைக் கேள். எனக்கு இருமல் தொடங்கியதும் இஞ்சியைத் தோல் சீவி நசுக்கி, மிளகும் கிராம்பும் அதிமதுரமும் போட்டு, தண்ணீர் பாதியாகச் சுண்டும் வரை சின்னத் தீயில் வைத்து, வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபிறகு தேன் கலந்தாள். குழந்தைக்கு ஒரு வயசு ஆகற வரைக்கும் தேனை நாக்கில் வைக்காதே என்று உனக்கே சொன்னவள், கண்மூடித்தனமாக எதையும் கொடுப்பாளா? முதல் கரண்டியோடு சேர்த்தே சொன்னாள், ஒரு வாரம் பாப்போம், நிக்கலைன்னா டாக்டர்கிட்ட போயே ஆகணும் என்று. எட்டாம் நாள் கேட்டாள். போயே போச்சு, உன் கைராசி என்றேன். அப்படியே ஐந்து மாதம் ஓட்டினேன். வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு இருமுவேன், மரப்பட்டறையில் ரம்பம் ஓடும்போது இருமுவேன். எச்சிலில் சிவப்பைப் பார்த்த அன்றும் மேலே மரத்தூளைத் தள்ளி மூடிவிட்டு வீட்டுக்கு வந்து பாகு பிரமாதம் என்றேன். நான் புகழப் புகழ, இனிமேலும் சளி அண்டக்கூடாதென்று அவள் அடுத்த பாட்டிலைக் காய்ச்சினாள். அவள் மனசு நோகக்கூடாது என்றுதான் மறைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சுத்தப் புளுகு. டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயம், வேறொன்றுமில்லை.

இதை அவளிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றீங்க என்கிறாள். ஐந்து மாதம் பொய்யை நம்பியவள் இப்போது உண்மையை நம்ப மாட்டேன் என்கிறாள், என் பிழைப்பைப் பார். நீ சொன்னால் நம்புவாள்.

கடிதம் கிடைத்த அன்றே போன் போடு, மறந்துவிடாதே. தப்பாப் பேசிட்டேம்மா என்று ஒரு வார்த்தை சொல். உன் கோபம் தீரவில்லை என்றால் என்னைத் திட்டு, கேட்டுக்கொள்ள இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன். எனக்குப் பிறகு அவளுக்கு நீதான், உனக்கு அவள்தான். நீங்கள் இருவரும் பேசாமல் இருக்கும்போது என்னைத் தூக்கிக்கொண்டு போகும்படி செய்துவிடாதே. பேரனுக்கு முத்தம். உங்கள் மூவருக்கும் நோய்நொடி இல்லாத நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளி அப்பா