விசில் மேல் தப்பில்லை

உன் உதவியாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் இன்று காலை அலமாரியைத் துடைக்கும்போது கிராம்புத் தைலப் புட்டியைக் கவிழ்த்துவிட்டாள். பிரிக்ஃபீல்ட்ஸ் பல் கிளினிக் முழுக்க வாசனை. அவள் ஜன்னலைத் திறக்க ஓடினாள். எனக்கோ நீ பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. உன் காரியம் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஃபைபர் போஸ்ட் அப்போதுதான் நம் பக்கம் வந்திருந்தது. அதுவரை பல் ஈறோடு முறிந்தால் வேருக்குள் உலோகக் குச்சிதான் வைப்போம். இந்தப் புதுக் குச்சியோ பல்லோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும், ரெசின் சிமெண்ட் போட்டு ஒட்டினால் வேரும் குச்சியும் ஒன்றாகிவிடும் என்றார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "புதுசுன்னா உங்களுக்குத் தீபாவளிதான் டாக்டர்" என்று கிண்டல் செய்தாய். நமக்கு வயது ஒன்றுதான். ஆனாலும் கடைசிவரை நான் உனக்கு டாக்டர்தான்.

முதல் குச்சி, கிள்ளான் பண்டமாரானிலிருந்து வந்த அந்த நடுவருக்கு. வாரநாளில் துறைமுக வேலை, ஞாயிறு ஆனால் கால்பந்துத் திடல். யாரோ ஆட்டக்காரரின் முழங்கை பட்டு மேல் முன்பல் முறிந்திருந்தது. குச்சியை ஒட்டி, மேலே பல் போன்ற உறை மாட்டி, பெருமையோடு கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். ஒன்பதாம் நாள், கைக்குட்டையில் பல்லை முடிந்துகொண்டு வந்து நின்றார். ஆட்டத்தின் நடுவில் விசிலை ஊத, பல் புல்லில் போய் விழுந்ததாம். இரண்டு அணியும் மண்டியிட்டுத் தேடிக் கொடுத்ததாம்.

"விசில பல்லுல கடிச்சீங்களா? அப்படிச் செஞ்சா எந்தப் பல்லு நிக்கும்?" என்று எரிந்துவிழுந்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "இருபது வருஷமா ஊதுறேன் டாக்டர். பரவாயில்ல, விட்டுடறேன்" என்றார்.

நீ கைக்குட்டையைப் பிரித்து, பல்லோடு வந்த குச்சியைத் தடவி, முகர்ந்து பார்த்தாய். பிறகு என்னைக் கைகழுவும் தொட்டிப் பக்கம் கூப்பிட்டாய். "ஒட்டுது பாருங்க, சிமெண்ட் காயவே இல்ல. கிராம்பு வாசனை வேற." வேரை அடைக்க நான் போட்ட மருந்தில் கிராம்புத் தைலம் இருந்தது. சிமெண்ட் பெட்டியில் வந்த காகிதத்தை நான் பிரிக்கக்கூட இல்லை. முந்தின நாள் கிள்ளானுக்குத் திரும்பும் கொமியூட்டர் ரயிலில் நீ அதை வரி விடாமல் படித்திருந்தாய். "இந்தத் தைலம் பட்டா கெட்டியாகாதுன்னு போட்டிருக்கு."

நான் நம்பாமல் முறைத்தேன். நீ இரண்டு பொட்டு சிமெண்ட் வைத்தாய், ஒன்றின் அடியில் மட்டும் தைலம் தடவி. கொஞ்ச நேரத்தில் ஒன்று கல்லு, மற்றது கோந்து.

"தப்பு விசில் மேல இல்ல டாக்டர். அவர்கிட்ட சொல்லிடுங்க லா. பாவம், ஊதறதையே விட்டுடுவாரு."

தொட்டியிலிருந்து நாற்காலிக்கு நாலே அடி. கையை இரண்டு தடவை கழுவினேன். எப்படியோ போய், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஆட்டக்காரரை எச்சரிக்கும் மஞ்சள் அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே உயர்த்தினார். நீ முகமூடிக்குள் சிரித்தது எனக்கு நன்றாகவே கேட்டது.

மறுபடி வேரை ஆல்கஹாலால் துடைத்து, கழுவி, காகிதத் திரி விட்டு உலர்த்தினோம். ஒவ்வொரு திரியையும் நீ மூக்கருகே கொண்டுபோனாய். நான்கு திரிக்கும் வேண்டாமென்று தலையை ஆட்டினாய். ஐந்தாவதில், "இப்ப வாசனை இல்ல. ஒட்டுங்க" என்றாய். உன்னைப் போல ஒரு ஆள் பக்கத்தில் நிற்க நான் கொடுத்துவைத்திருந்தேன். அன்று அதைச் சொல்லவில்லை. வறட்டு கௌரவம்.

உன் இறுதிச் சடங்குக்கு அந்த நடுவர் கிள்ளான் வீட்டுக்கு வந்திருந்தார். தலை முழுக்க நரை. வாய்விட்டு அழுதார். அழுகிறவர் வாயைப் பார்ப்பது முறையல்ல, ஆனால் தொழில் புத்தி விடுமா? பார்த்தேன். அந்தப் பல் அசையாமல் அங்கேயே இருந்தது.

இப்போது வேருக்குக் கிராம்பு கலக்காத மருந்துதான் வாங்குகிறேன். ஆனாலும் யாராவது கழன்ற பல்லோடு வந்தால், "என்னத்தக் கடிச்சீங்க?" என்று கேட்க நாக்கு துடிக்கும். வாயை மூடிக்கொண்டு, முதலில் பல்லை முகர்ந்து பார்க்கிறேன்.