ராணி கலர் கொடி ஏறிய மதியம்

என் அன்பு ஏழுமலை அண்ணா,

போன ஐப்பசியில் நம் ஆறு மறுபடியும் தெருவுக்குள் வந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

பழைய வெள்ளத்தை நான் மறக்கவில்லை. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ நம் தெருவில் மூன்று முறை போனது. பிறவியிலேயே காது கேளாத நீ, தறிக்குழிக்குள் கால் வைத்து நெய்துகொண்டிருந்தாய். தண்ணீர் முழங்காலைத் தொட்ட பிறகுதான் உனக்குச் சேதி தெரிந்தது. கூரையேறித் தப்பினாய். உன்னை மறந்துவிட்டு எல்லோரும் ஓடியிருந்தோம். நானும்தான். ஏன் அண்ணா, அதை ஒருநாளும் நீ என்னிடம் கேட்கவில்லை?

சுனாமிக்குப் பிறகு, கடலோரத்தில் வேலை செய்த தொண்டு நிறுவனத்தார் ஆரணிக்கும் வந்தார்கள். நான் டீச்சராக இருக்கும் பள்ளியில் கூட்டம். பிள்ளைகளுக்கு வெள்ளப் பயிற்சி, மாடியில் மைக் செட் என்று திட்டம். நீ எழுந்து கையசைத்தாய்.

"இன்னாம்மா சொல்றாரு உங்க அண்ணன்?" என்றார் பக்கத்து வீட்டு முனுசாமி.

"மைக்கு கேக்காதவங்க இன்னா பண்றதுன்னு கேக்கறாரு."

"நாங்க இல்லியா? வந்து சொல்லிட மாட்டமா?"

அவர் உதட்டசைவைப் படித்த நீ, தண்ணீர் ஏறிய அளவை உன் முழங்காலில் தொட்டுக் காட்டினாய். நான் தலைகுனிந்தேன்.

தொண்டு நிறுவனத்திலிருந்து வந்திருந்த அம்மாதான் சொன்னார்: "அப்போ என்ன செய்யலாம்னு அவரே சொல்லட்டும்."

பள்ளி மாடியில் கொடி ஏற்றலாம் என்றாய். சிவப்பு என்றால் கட்சிக்கொடி என்பார்களாம். மறுநாள் கண்ணைப் பறிக்கும் ராணி கலர் பட்டுத்துணியோடு வந்து நின்றாய்! ஆறு மாதம், சனிக்கிழமைதோறும் என் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைப்பேச்சு கற்றுக்கொடுத்தாய். 'ஆறு வருது.' 'ஸ்கூல் மாடிக்குப் போ.' 'வீட்டில் யார் பாக்கி?' அப்புறம் ஒரு நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன ஐப்பசியில் அன்றைக்கு மழைக்காக லீவு. மதியம் ஆறு கரையேறுவதாகத் தகவல் வந்ததும் பள்ளிக்கு ஓடினேன். கரண்ட் இல்லை. பேட்டரியில் மைக்கைப் போட்டாலும், தகரக் கூரைகளில் அடித்த மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அன்று தெரு முழுக்கக் காது கேளாமல் போனது, அண்ணா.

கொடியை ஏற்றினேன். எதிர்மாடியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டாள். அவள் கையசைக்க அடுத்த மாடி, அங்கிருந்து அதற்கடுத்தது. ஆற்றோர வீடுவரை சேதி போய்விட்டது. பிள்ளைகளைப் பார்த்து அம்மாக்களும் கையாட்டினார்கள்.

கடைசியாக முனுசாமி நனைந்தபடி மாடியேறினார். "ஒரு சத்தமும் கேக்கல மல்லிகா. பசங்க கையாட்டிகினு இருந்தத பாத்துத்தான் ஓடியாந்தேன். உங்க அண்ணன்தான் என்னக் கூப்ட்டாரு," என்று அழுதார்.

மழை கொஞ்சம் தணிந்ததும், மாடியில் நின்று வீட்டுவாரியாகப் பெயர் கூப்பிட்டேன். ஒரு பெயருக்கும் பதில் இல்லாமல் இல்லை.

இப்போது கடலோரப் பள்ளிகளிலிருந்து கூப்பிடுகிறார்கள். அடுத்த மாதம் பிள்ளைகளோடு போகிறேன், உன் கைப்பேச்சைக் கற்றுக்கொடுக்க. எந்த ஊரில் கால் வைத்தாலும், மைக்கைத் தொடும் முன்னால் ஒன்று கேட்பேன்: "இங்க காது கேக்காதவங்க யாரு? அவங்களை முன்னால உக்கார வைங்க." இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கைகள் சொன்னதை ஊருக்கு வாய்விட்டுச் சொல்லும்
உன் தங்கை மல்லிகா