ரோடு முழுசும் உங்களுதுதாங்க

நேற்று கோயமுத்தூருக்கு இறங்கும்போது, பர்லியாருக்கு மேலே ஒரு லாரி முன்னால் போனது. பிரேக் தீய்ந்த நாற்றம் காருக்குள் வந்துவிட்டது. நான் கண்ணாடியை ஏற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூர் பந்தயத் தடத்திலிருந்து நீ திரும்பும்போது உன் துப்பட்டாவில் இதுதான் இருக்கும். மல்லிகை மணக்கும் பெண்டாட்டி எனக்கு வாய்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே நீ பந்தயக் கார் ஓட்டியவள். நான் குன்னூரில் தேயிலை ஃபேக்டரியில் டீத்தூள் சலிப்பதை மேற்பார்வை பார்த்தவன். புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்கு, ஒவ்வொருவராக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாய். ஆசை யாரை விட்டது, நானும் சேர்ந்தேன். முதல் வளைவிலேயே மலைப்புத்தி வந்துவிட்டது. இடது ஓரம் ஒதுங்கி ஹாரன் அடித்தேன். தடத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

“ஏனுங்க, இங்க எதுக்கால பஸ் வராதுங்க. ரோடு முழுசும் உங்களுதுதாங்க. வெளியோரமா வந்து, உள்ளோரத்தைத் தொட்டுட்டு, மறுபடி வெளிய போங்க.”

இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் என் கண் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது என்று பக்கத்தில் இருந்த உனக்குத்தான் தெரிந்தது. வளைவு முடிகிற இடத்தைப் பார்க்கச் சொன்னாய். கை தானாகத் தளர்ந்தது. இன்னொருவருக்குக் கண் சரி, காலில்தான் அவசரம். அவரிடம் கண்ணைப் பற்றிப் பேசவே மாட்டாய். கும்பலாக நிற்கவைத்துப் பாடம் நடத்தினால் இதெல்லாம் தெரியாது என்பாய். பந்தயங்களில் கடைசியாக வந்துகொண்டிருந்தவன் நடுவில் வர ஆரம்பித்தேன்.

ஒரு கறாரான வழக்கம் வைத்திருந்தாய். தடத்திலிருந்து வீடு திரும்பும்போது, மலை ஏறுவதற்கு முன் மேட்டுப்பாளையத்தில், ஓட்டிவந்தவரைப் பக்கத்து சீட்டுக்கு மாற்றிவிட்டு ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்வாய். “கீழ பழகுன கை ஒரு ராத்திரி தூங்கி எந்திரிச்சாத்தானுங்க மலைக்கு ஆகும்.” புருஷன் என்று எனக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வருவேன்.

பிறகு அந்தக் கோத்தகிரிக்காரன் வந்தான். நல்ல கை. வீட்டில் சோறு போடும்போதும் அவன் புராணம்தான். அவன் முதல்முறை ஜெயித்த அன்று, ஒரே ஒரு தடவை, மலையேற ஸ்டியரிங்கை அவனிடமே விட்டாய். ஏன்? கேட்டுக்கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. சுவரில் மாலையோடு சிரிப்பவளுக்கு என்ன வந்தது?

கொண்டை ஊசி வளைவில் பஸ் இறங்கி வந்திருக்கிறது. அது இடித்தது நீ உட்கார்ந்திருந்த பக்கம். ஆஸ்பத்திரியில் கைக்கட்டோடு அவன் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “ரோடு முழுசா எடுத்துட்டனுங்ணா.”

அவன் மேல் ஆத்திரம் உண்டு. உன் மேல் அதைவிட அதிகம். இத்தனை பேரின் அவசரத்தைக் கண்டுபிடித்தவளுக்கு, ஜெயித்த மப்பில் இருந்த ஒருவனைத் தெரியாமலா போனது?

நேற்று அவனுக்குப் பந்தயம். விபத்துக்குப் பிறகு முதல்முறை. வாங்க வாங்க என்று அவனிடமிருந்து ஃபோன் மேல் ஃபோன். நாலு பேர் முன்னால் நாறடித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். வேலியைப் பிடித்துக்கொண்டு வளைவில் நின்றேன். அவன் வந்தான். அதே அமைதி, அதே வளைப்பு. உள்ளே நீதான் இருக்கிறாய் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். உன் துணிமணியெல்லாம் தானம் கொடுத்தாயிற்று. நீ மிச்சமிருப்பது அந்தப் பாவியின் கையில்தான்.

மூன்றாவதாக வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, “எப்படி ஓட்டுனனுங்ணா?” என்றான்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

“கடைசி வளைவுல பயந்துட்ட. பிரேக்குக்குக் கால் முன்னாலயே போயிருச்சு.”

அவன் அழுதுவிட்டான். “ஆமாங்ணா. ஒவ்வொரு சுத்துலயும் அங்க அப்படித்தான் ஆகுது. பக்கத்துல உக்காந்து சொல்ல ஆளில்லீங்ணா.”

வருகிற ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கொன்றவன் பக்கத்தில், நீ உட்கார்ந்த இடத்தில், நான் உட்காரப் போகிறேன். இப்போது திருப்திதானே உனக்கு?