கொடுத்து வைத்தவன்

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

நான் நலம். உன் நலத்தைத் தனியாக விசாரிக்கத் தேவையில்லை. நாலு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் கேள்வியாகவே எழுதுகிறவள் நலமாகத்தான் இருப்பாள். போனில் கேட்டால் நான் "சரி, சரி" என்று சொல்லிவிட்டுப் பாதியை மறந்துவிடுகிறேன் என்று குறைப்பட்டாய். அதனால் நீ சொன்னபடியே எழுத்தில் பதில் தருகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன் கையில் ஊசி நேராகப் போகும், பேனா போகாது.

முதலில் உன் செய்தி. செயற்கைப் பல் செய்கிற உங்கள் கூடத்தில் உன்னைப் பிரிவுக்குத் தலைவி ஆக்கப் போகிறார்கள், அதற்கு ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். நீ செய்த பல்லைப் பக்கத்துப் பல்லிலிருந்து பிரித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று உன் முதலாளியம்மாவே சொன்னாராம். அதைப் போய்க் கடிதத்தின் ஓரத்தில், இடம் மிச்சம் இருந்ததே என்பதுபோல ஒற்றை வரியில் எழுதியிருக்கிறாய். நானாக இருந்தால் அதையே பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருப்பேன். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். யார் யாருக்கோ போன சொல்லைத் திருப்பிக் கொடுக்கிறாய், உன்னைப் பற்றி நல்லதாக நாலு சொல் எழுத மட்டும் உனக்குக் கை வருவதில்லை. பரவாயில்லை, அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. சீட் அளவு கொடுக்க வந்தவர் ஒருவர் கொடுக்காமலே தப்பித்துப் போய்விட்டார்.

இனி வங்கிகள். சம்பளத்தை அங்கேயே வைப்பதா, இங்கே அனுப்புவதா, அனுப்பினால் எந்த வங்கி, ஐந்து வருஷ டெபாசிட்டுக்கு எது நல்லது என்று கேட்டிருந்தாய். உன்னிடம் மறைப்பானேன், அந்த ஐந்து வருஷ வட்டி எங்கேயாவது படுமோசமாக இருக்காதா, அதைப் பார்த்து நீயும் ஐந்து வருஷம் வேண்டாம் என்று வந்துவிட மாட்டாயா என்ற நப்பாசையோடுதான் நான் கிளம்பினேன்.

முதலில் போனது பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற பெரிய வங்கி. கண்ணாடிக் கதவு, ஏ.சி., டோக்கன் எல்லாம் உண்டு, முகம் கொடுத்துப் பேசத்தான் ஆளில்லை. வெளிநாட்டுக் கணக்கு என்றதும் கழுத்தில் டை கட்டிய ஒருவர் ஓடி வந்து, "சார் எப்போ கிளம்புறீங்க?" என்று கேட்டார். போயிருப்பது என் மனைவி என்றேன். அப்படியானால் மாதாமாதம் அவளுக்கு நான் எவ்வளவு அனுப்பப் போகிறேன் என்று கேட்டார். அவள்தான் அனுப்புவாள் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, "கொடுத்து வெச்சவர் சார் நீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உழைத்துக் கொடுப்பது நீ, கொண்டுபோய் வைப்பதும் நீ, கொடுத்து வைத்தவன் என்ற பட்டம் மட்டும் எனக்கு. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் தவறாகச் சொல்லிவிடவில்லை.

அங்கே வட்டி அதிகம். ஐந்து வருஷத்துக்கு இருப்பதிலேயே அதிகம். என் நப்பாசை வாசற்படியிலேயே செத்துவிட்டது. ஆனால் கணக்கில் எப்போதும் ஒரு பெரிய தொகை கிடக்க வேண்டும், குறைந்தால் அபராதம். நீ அனுப்பும் பணத்தில் கட்டணம் என்று அங்கே கொஞ்சம், நடுவில் இருக்கிற ஏதோ ஒரு வங்கியில் கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று மூன்று இடத்தில் கிள்ளுவார்களாம். போதாததற்கு, ஓ.டி.பி. இந்த ஊர் எண்ணுக்குத்தான் வரும். நீ அங்கே ஒரு செருப்பு வாங்கினாலும் என் போன் இங்கே கத்தும், நான் எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. உனக்குப் பிடிக்காது என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, கடைக்கு எதிர் வரிசையில் இருக்கிற சின்ன வங்கி. அங்கே மேலாளர் என் வாடிக்கையாளர், போன உடனே நாற்காலி கொடுத்தார். தங்கமான மனிதர், ஆனால் அவர்களிடம் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கான கணக்கே கிடையாது. உன்னுடைய பழைய சேமிப்புக் கணக்கையும் இப்படியே விட்டுவைக்கக் கூடாது, வெளியே போனவர்களுக்கான கணக்காக மாற்ற வேண்டும் என்று எச்சரித்தார். அதற்கு வழி கேட்டேன். வேறு வங்கிக்குப் போங்கள் என்று தன் வாயாலேயே சொன்னார். இப்படி ஒரு வங்கிக்காரரை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, நீதிமன்றத் தெருவில் மாடியில் இருக்கிறதே, அது. படி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தேன். வெளிநாட்டுப் பிரிவில் ஓர் அம்மாள் இருக்கிறார். நான் வாயைத் திறக்காமல் உன் கடிதத்தின் கேள்விப் பக்கங்களை அப்படியே நீட்டிவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தார். நடுவில் டெபாசிட்டை முறித்தால் எந்த விகிதத்தில் வட்டி, வட்டிக்கு வரி எங்கே கட்டுவது, பணம் எந்த நாள் மதிப்பில் மாற்றப்படும் என்று நீ கேட்டிருந்த ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒன்றுக்கு மட்டும் தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார், மறுநாள் சொல்லவும் செய்தார். "உங்க வீட்டம்மா திரும்பி வந்தா இங்க வேலைக்கு வரச் சொல்லுங்க, எங்களுக்கு ஆள் பத்தல" என்று சிரித்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. திரும்பி வந்தால் என்ற சொல்தான் கொஞ்சம் இடித்தது.

அங்கே வட்டி முதல் வங்கியைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் கிள்ளுவது ஒரே இடத்தில்தான், ஓ.டி.பி. உன் அந்த ஊர் எண்ணுக்கே வரும், கேட்டால் பதில் சொல்ல ஒரு மனுஷி இருக்கிறார். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சம்பளம் அங்கே உன் கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வங்கியிலேயே விழட்டும். செலவு போக மிஞ்சுவதைச் சில்லறை சில்லறையாக அனுப்பாமல் சேர்த்துவைத்து, இந்த மாடி வங்கிக்கு அனுப்பு. ஐந்து வருஷத்துக்கே போடு. கணக்கு என்று பார்த்தால் அதுதான் சரி, கணக்கில் உன்னை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

இங்கே கணக்கு உன் பெயரில் மட்டும் இருக்கட்டும். என் அக்கா இதைக் கேட்டுவிட்டு, "புருஷன் பேரு இல்லாம ஒரு கணக்கா? நாளைக்கு அவ அங்கேயே தங்கிட்டா என்ன பண்ணுவ?" என்று கேட்டாள். பேர் வாங்கினது அவள், கணக்கும் அவள் பேரிலேயே இருக்கட்டும் என்றேன். அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நீ அவளிடம் ஒன்றும் கேட்டுக்கொள்ளாதே. உன்னைப் பற்றிப் பக்கத்து வீட்டில் பெருமையடிப்பதும் அவள்தான். அவளுக்கு என் மேல் கவலை, வேறொன்றுமில்லை.

ஆனால் அவள் கேட்ட இரண்டாவது கேள்வியை வீட்டுக்கும் கடைக்கும் சுமந்துகொண்டு திரிகிறேன். நீ போனதிலிருந்து வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. சமைக்கிறேன், துவைக்கிறேன், விளக்கை அணைக்கிறேன். யாரிடமும் சண்டை போட முடியாததுதான் கஷ்டமாக இருக்கிறது. இதற்காக நீ அந்தப் பதவியை வேண்டாம் என்று சொன்னால் நான் உன்னை மன்னிக்கமாட்டேன். இத்தனை வருஷம் யாரோ பெயர் போட்டுக்கொண்ட வேலையை நீ குனிந்து உட்கார்ந்து செய்ததை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடு.

நீ கடிதத்தோடு அனுப்பிய, அங்கே இருக்கிற உன் வங்கியின் விளக்கத்தாளையும் மாடி வங்கி அம்மாளிடம் காட்டிப் படிக்கச் சொன்னேன். நல்ல வங்கிதானாம். கூட்டுக் கணக்கு என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, "ரெண்டாவது பேரு போடணும்னா அவரும் அந்த நாட்டுலயே குடியிருக்கணுமாம் சார், உங்களுக்கு அது சரிப்படாது" என்றார். நான் தலையாட்டிவிட்டுப் படி இறங்கினேன். இறங்கி வந்து வண்டியை எடுக்கும்போதுதான், ஏன் சரிப்படாது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

கடையைப் பற்றி யோசிக்காதே. பங்குதாரரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். முழுக்கடையையும் எடுத்து நடத்த அவர் ரொம்ப நாளாகவே தயாராக இருந்திருக்கிறார், என்னிடம் கேட்கத்தான் கூச்சமாம். அந்த ஊரிலும் கார் ஓடுகிறது. கார் என்று இருந்தால் சீட் இருக்கும், சீட் இருந்தால் என்றைக்காவது கிழியும். பாஷை தெரியாவிட்டால் என்ன, கிழிசலைக் கையால் காட்டினால் போதாதா?

நீ போடப் போகிற கையெழுத்து உனக்கு எல்லா நன்மையும் கொண்டுவரட்டும். கண்ணுக்கு வேலை அதிகம், நடுநடுவே எழுந்து நட. ஒரே ஒரு கேள்வி மட்டும் என் பங்குக்குக் கேட்டுக்கொள்கிறேன். உன் வங்கியில் இரண்டாவது பெயர் போட என்னென்ன காகிதம் வேண்டும் என்று விசாரித்து எழுது. அந்தக் கணக்கில் இருக்கிற பணம் எனக்கு வேண்டாம், அந்த நிபந்தனை மட்டும் போதும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்