பள்ளிப்பையில் மாற்றுத்துணி

இன்று வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டு வந்த உன் மகள் பையைக் கூடத்தில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். வழியில் கிடக்கிறதே என்று நகர்த்திவைக்கக் குனிந்தேன். கனமாக இருக்கும் என்று நினைத்து இழுத்ததில் பை துள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டது. படிவம் மூன்று படிக்கிற பிள்ளையின் பை அவ்வளவு லேசாக இருக்கக் கூடாது. அடுத்தவர் பையைத் திறக்கிற ஆள் நான் இல்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய். திறந்தேன். ஒரு நோட்டு, ஒரு பென்சில் பெட்டி, மற்றதெல்லாம் துணி. இரண்டு டீ-சட்டை, ஒரு கால்சட்டை, சுருட்டிய துண்டு. சலவைத்தூள் வாசனை அப்படியே இருந்தது. உடுத்தாத துணி, பள்ளிக்கூடம் வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

பையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உன் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறவர், ஒரு வாரம் ஜொகூர், ஒரு வாரம் தாய்லாந்து எல்லை. பதினைந்து வயதுப் பெண்ணைக் கெப்பாலா பத்தாஸ் வீட்டில் தனியாக விட மனசில்லாமல் என்னிடம் வந்து நின்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் சரி என்றேன். ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் வாங்கி, சீருடை வாங்கி, போன மாதம் சேர்த்துவிட்டேன். தினமும் மாலையில் ஸ்கூல் எப்படி என்று கேட்பேன். "ஓகே லா, ஆன்ட்டி" என்பாள். மூன்று வாரமாக அதே பதில். பிள்ளை நன்றாகப் பழகிவிட்டாள், அம்மாவைப் போலக் கெட்டிக்காரி என்று நானும் பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

அம்மாவைப் போலத்தான் என்பது பையைத் திறந்தபோதுதான் உறைத்தது.

நாம் பழகத் தொடங்கிய வருஷம் எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா பைராம் தோட்டத்தில் செம்பனை வேலையை விட்டுவிட்டு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். வருஷத்தின் நடுவில், ஜூன் விடுமுறை முடிந்த கையோடு, என்னை இந்த ஊர்ப் பெண்கள் பள்ளி ஒன்றில் கொண்டுவந்து விட்டார்கள். வகுப்பில் எல்லாரும் ஆறு மாதமாக ஒன்றாகச் சாப்பிட்டு, சண்டை போட்டு, ராசியாகி முடித்திருந்தார்கள். என்னைத் தவிர இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்கள் தங்களுக்குள் ஆங்கிலம்தான் பேசினார்கள். நான் வாயைத் திறந்து மலாய் பேசினாலே யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். எந்த ஊர் என்று ஒருத்தி கேட்டாள். நிபோங் திபால் பக்கம் என்றேன். ஏதோ கண்காணாத தேசத்தைச் சொன்னதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இடைவேளையில் நான் கழிவறைப் பக்கமும் நூலகப் பக்கமும் மாறி மாறி நடந்துகொண்டே இருப்பேன். நின்றால்தானே தனியாக நிற்கிறாள் என்று தெரியும்.

அந்தப் பள்ளியில் இடம் போதாது. பெரிய வகுப்புகள் காலையில், சின்ன வகுப்புகள் மதியத்துக்கு மேல். காலையில் ஒருத்தி உட்கார்ந்த நாற்காலியில் மதியம் இன்னொருத்தி உட்காருவாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மேசை ஓரத்தில் பென்சிலால், எனக்கு இங்கே பிடிக்கவில்லை என்று எழுதினேன். தமிழில் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம். மறுநாள் அதற்குக் கீழே நீல மையில் பதில் இருந்தது. "கையெழுத்து நல்லா இருக்கு. மேசையில எழுதுனா நான்தான் மாட்டுவேன். பேப்பர்ல எழுதி லாச்சிக்குள்ள வை." மேசைக்குள் கையை விட்டுத் துழாவினேன். ஒரு பழைய ரப்பரும் பென்சில் சீவலும்தான் தட்டுப்பட்டன. ஆனாலும் அன்றே ஒரு தாளைக் கிழித்து எழுதி உள்ளே வைத்தேன். அந்தப் பள்ளியில் எனக்கு யாரோ இருக்கிறார்கள்.

அப்புறம் தினமும் எழுதினோம். பேர் கேட்கவில்லை, வகுப்பு கேட்கவில்லை, அதனால் நீ, நான் என்றே எழுதினோம். மூன்றாவது கழிவறையில் தாழ்ப்பாள் கிடையாது என்று நீதான் சொன்னாய். கேன்டீனில் மீ நூடுல்ஸ் வாங்கினால் முதல் மணி அடிப்பதற்குள் வாங்கிவிடு, அப்புறம் வெறும் குழம்புதான் மிஞ்சும் என்றாய். நான் எழுதியதெல்லாம் புலம்பல். ஒரு தாள் போதாமல் இரண்டு தாள் எழுதுவேன். நீ மூன்று வரியில் பதில் வைப்பாய். இரண்டு வாரம் பொறு, பழகிவிடும் என்றாய். இரண்டு வாரம் முடிந்தது என்று எழுதினேன். நான் சொன்னது பள்ளி வாரம், சனி ஞாயிறு கணக்கில் வராது என்று எழுதினாய். ஒருநாள் நேரில் பார்க்கலாமா என்று கேட்டேன். பார்த்துவிட்டால் எழுத வராது என்று நீ தட்டிக்கழித்தாய்.

செப்டம்பரில் என்னை வகுப்பின் முன்னால் நிறுத்தி, மலாயில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். இரண்டாவது வாக்கியத்தில் எல்லாம் மறந்துபோனது. யாரோ சிரித்தார்கள், அது பின்வரிசை வரை போய்த் திரும்பி வந்தது. அன்று உனக்கு எழுதிய கடிதம்தான் நான் எழுதியதிலேயே சின்னது. நாளைக்கு வரமாட்டேன், ஃபெரி ஏறித் தோட்டத்துக்கு அத்தை வீட்டுக்குப் போகிறேன், நீ எழுதியதற்கெல்லாம் நன்றி.

மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம், சீருடையோடு, பள்ளிக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, ஃபெரி புறப்படுகிற ஜெட்டிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். போய்ச் சேர்ந்த பிறகு கால் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மூன்று ஃபெரிகளைப் போகவிட்டேன். ஒவ்வொன்றும் கிளம்பும்போது எழுந்து நிற்பேன், கிளம்பியதும் உட்காருவேன். நான்காவது வந்தபோது பக்கத்தில் ஒரு பெரிய பெண் வந்து உட்கார்ந்தாள். அதே பள்ளிச் சீருடை, ஓடிவந்த மூச்சு.

"எழுத்தப் பாத்து பெரிய ஆளுன்னு நெனச்சேன். இத்தனூண்டு இருக்க" என்றாய்.

நீ படிவம் மூன்று என்பது அப்போதுதான் தெரிந்தது. அக்கா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். மூன்று மாதமாக நீ, வா, போ என்று எழுதிய பிறகு வாய் வரவில்லை. நீ என்னைத் தடுக்கவில்லை. ஃபெரி வந்துவிட்டது, ஏறவில்லையா என்றுதான் கேட்டாய். தீவை விட்டுப் போகிறவர்களிடம் அப்போது டிக்கெட் கேட்கமாட்டார்கள், அக்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து வருகிறவர்கள்தான் வாங்க வேண்டும். திரும்பி வரக் காசு வைத்திருக்கிறாயா என்று நீ கேட்டாய். எதற்கு, நான்தான் திரும்பப் போவதில்லையே என்றேன். இருவரும் ஏறினோம்.

நடுக்கடலில் எனக்கு அழுகை வந்தது. உன் பையை என் மடியில் வைத்து, சாய்ந்துகொள் என்றாய். தலையை வைத்தேன். புத்தகம் இடிக்கும் என்று பார்த்தால் மெத்தென்று இருந்தது. என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"துணி. நானும் ஒங்கூட வந்துர்றேனே. ஒங்க தோட்டத்துல எனக்கு எடம் இருக்குமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தையிடம் என்னைப் பற்றிச் சொல்லவே ஒரு பொய் தயார் செய்து வைத்திருந்தேன். உன்னையும் கூட்டிக்கொண்டு போனால் எத்தனை பொய் சொல்வது? உன்னைத் தேடி உன் வீட்டார் வந்தால்? பட்டர்வொர்த்தில் இறங்கியதும் நான்தான் உன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா, வேணாம் அக்கா, திரும்பிப் போயிரலாம்."

நீ பஸ் நிலையத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். அப்புறம், அக்கா என்று கூப்பிடாதே என்று சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கினாய். திங்கட்கிழமை நான் பள்ளிக்குப் போனேன். அடுத்த திங்கட்கிழமையும் போனேன். எப்போது பழகியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் இடைவேளையில் நடக்காமல் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

இந்தக் கதையை நான் எப்படியெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். உன் கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்தே சொன்னேன். ஒரு பயந்தாங்கொள்ளியை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப, தானும் ஓடிவருவதாக நாடகம் ஆடியவள், அதற்காகப் பையில் துணி கூடத் திணித்துக்கொண்டு வந்தவள் என்று சொன்னேன். மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய். மாலையைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்தாய்.

இன்று இந்த லேசான பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், ஒரு சின்ன விஷயம் மண்டையில் ஏறியது. என் கடிதத்தை நீ படித்தது அன்று காலை வகுப்பில். பள்ளி முடிந்ததும் நேராக ஜெட்டிக்கு ஓடிவந்தாய், சீருடை கூட மாற்றவில்லை. நீ தங்கியிருந்த சின்னம்மா வீடு ஆயர் ஈத்தாமில். அங்கே போய்த் துணி எடுத்துவர உனக்கு நேரம் ஏது? அந்தத் துணி காலையிலேயே பையில் இருந்திருக்கிறது. நான் எழுதியதைப் பார்ப்பதற்கு முன்பே இருந்திருக்கிறது. அதற்கு முந்தின நாளும் இருந்ததோ, அந்த மாதம் முழுக்க இருந்ததோ. இரண்டு வாரம் பொறு என்று எனக்கு எழுதிய ஒவ்வொரு காலையும் நீ அந்தப் பையோடுதான் வந்தாயா?

நாடகம் இல்லை. நீ நிஜமாகவே கேட்டாய், உனக்கு இடம் இருக்குமா என்று.

உன் சொந்த ஊர் கெப்பாலா பத்தாஸிலிருந்து உன்னை ஏன் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள், அந்த வீட்டில் உனக்கு எப்படி இருந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை என்று பழியை உன்மேல் போட்டுவிடலாம். நான் இடம் விட்டால்தானே நீ சொல்வாய். என் மேற்படிப்பு, என் வேலை, என் மாமியார், என் கால்வலி என்று வரிசையாக உன் காதில் கொட்டினேன். கடைசியில் மருத்துவமனைக்கு வாரம் இரண்டு முறை வந்தேனே, அப்போதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நான்தான் பேசினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பையை இருந்தபடி வைத்துவிட்டு எழுந்துபோய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதற்குள் அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்துவிட்டாள். பை என் மடியில் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றாள். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வாய் முந்திக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"எங்க போலாம்னு இருந்த?"

"எங்கயும் இல்ல, ஆன்ட்டி." துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். "துணி இருந்தா, வேணும்னா போயிரலாம்னு இருக்கும். அத நெனச்சுக்கிட்டே பெல் அடிக்கிற வரைக்கும் உக்காந்துருவேன்."

பிள்ளைகள் யாராவது கேலி செய்கிறார்களா என்று கேட்டேன். இல்லையாம். ஆசிரியர்கள் நல்லவர்களாம். பாடம் கூடச் சுலபமாம். வேறு என்னதான் என்று கேட்க வந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். என் வாய்க்கு அது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியும். அவளே சொன்னாள்.

"பழைய ஸ்கூல்ல எல்லாருக்கும் அம்மாவ தெரியும். கேன்டீன் ஆன்ட்டி கூட அம்மா எப்படின்னு கேப்பாங்க. இங்க சேர்றப்ப குடுத்த பாரத்துல அம்மா பேருக்கு முன்னால மெண்டியாங்னு எழுதிக் குடுத்தேன். இங்க அம்மான்னா அவ்ளோதான்."

மெண்டியாங் என்பது மறைந்தவர்களின் பெயருக்கு முன்னால் மலாயில் போடுகிற சொல். அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட்டது நான். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறாளா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போட்டேன்.

உன் அம்மாவை எனக்குத் தெரியும் என்றேன். அவள் என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "அப்ப சொல்லுங்க" என்றாள்.

கல்யாண மண்டபத்தில் சொன்ன கதை நாக்கு நுனிக்கு வந்தது. எங்கே நிறுத்தினால் எங்கே சிரிப்பார்கள் என்பது வரை எனக்கு மனப்பாடம். அதைச் சொல்லவில்லை. மேசையில் எழுதியதிலிருந்து தொடங்கி, பட்டர்வொர்த்தில் நீ பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது வரை, நடந்ததை நடந்தபடி சொன்னேன். உன் பையிலும் துணி இருந்தது, அது எதற்கு என்று கடைசிவரை உன்னிடம் நான் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் என் மடியிலிருந்த பையைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டாள்.

"கேட்டிருக்கலாம்ல, ஆன்ட்டி."

கோபமாகச் சொல்லவில்லை. உனக்காக வருத்தப்பட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு, பசிக்கிறது என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

துணிகளை நான் வெளியே எடுக்கவில்லை. திங்கட்கிழமை பை அப்படியே பள்ளிக்குப் போகும் போலிருக்கிறது, போகட்டும். இதை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துபோய் அவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறாள். உன்னைப் பற்றி இன்னும் ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இருபத்தாறு வருஷம் உன் பக்கத்திலேயே இருந்தேன். கேட்டிருக்கலாம்.