ஒடுக்கு எடுத்த டாக்சி

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
பம்பாய்.
14-9-1964

அன்புள்ள அத்தானுக்கு,

கோமதி வணக்கத்துடன் எழுதுவது. நானும் மகள் பூமாரியும் சுகம். உங்கள் கை எலும்பு கூடிவிட்டது, வாளிகூடத் தூக்குகிறீர்கள் என்று மதினி எழுதியிருந்தார்கள். சந்தோஷம். எப்போது புறப்படுகிறீர்கள் என்று மட்டும் அதில் இல்லை.

டாக்சி விஷயம். சயானில் லாரி மோதியதோடு வண்டி போனது போனதுதான் என்று நீங்களே சொல்லிவிட்டு ஊருக்குப் போனீர்கள். இரண்டு மாதம் கழித்து, இன்சூரன்ஸ் சர்வேயர் திங்கட்கிழமை பார்க்க வருவதாகக் கடுதாசி வந்தது. அதை ஞானராஜ் அண்ணனிடம் சொன்னதுதான் தப்பு. பெரிய ஆபீசர் வரும்போது வண்டி இப்படிக் கோரமாகக் கிடக்கலாமா என்று, ஞாயிற்றுக்கிழமை தன் ஒர்க்‌ஷாப் ஆட்களோடு வந்துவிட்டார். பைசா வாங்காமல் கூரையை நிமிர்த்தி, கதவுகளில் ஒடுக்கெடுத்து, பெயிண்டும் அடித்தார்கள். நானும் என் பங்குக்கு வண்டியைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். எங்களைப் போன்ற புத்திசாலிகள் வேறு எங்கே கிடைப்பார்கள்!

சர்வேயர் சுற்றிப் பார்த்தார். ரிப்பேர் செலவு ஆயிரத்து நூறு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஐயாயிரத்துக்கு இன்சூர் செய்த வண்டி. ஞானராஜ் அண்ணன் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் கோட்டைப் பகுதியில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். அனந்தகிருஷ்ணன் என்று ஒரு தமிழர்தான் அதிகாரி. மரியாதையாகப் பேசினார், பிடிதான் கொடுக்கவில்லை. நன்றாக இருக்கிற வண்டிக்கு முழுப் பணம் எப்படித் தருவது என்றார். நீங்களே வந்து அதில் தெருக்கோடி வரை போய்க் காட்டுங்கள், ஆயிரத்து நூறே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பாவம், வந்தார். அவரை உட்காரவைத்து ஆட்கள் தள்ளினார்கள். அடியில் சேஸ் சட்டம் முறுக்கிக்கொண்டு கிடக்கிறதே, வண்டி நண்டு மாதிரி ஒதுங்கிப் போய்த் தண்ணீர்க் குழாயில் முட்டி நின்றது. குடத்தோடு நின்ற இசக்கியம்மாள் அக்கா, "சார்வாளுக்கு வேற வண்டியே கெடைக்கலையாக்கும்?" என்று கேட்டே விட்டாள்.

அப்புறம் மூவாயிரம் என்றார். வண்டி பழசு, வயதுக்குக் கழிக்க வேண்டுமாம். வருஷா வருஷம் பிரீமியம் வாங்கும்போது வயதைக் கழித்தீர்களா என்று கேட்டேன். நாலு நடை நடந்தேன். நாலாயிரத்து முந்நூறில் நின்றது. நியாயமான தொகைதான், அதற்கு மேல் நான் இழுக்கவில்லை.

வண்டி உங்கள் பேரில் இருப்பதால் முப்பதாம் தேதிக்குள் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் பழைய ஆயிரத்து நூறுதான். வருகிற பணத்தில் இன்னொரு டாக்சி பங்குக்கு எடுக்கலாம். ஆள் போட்டு ஓட்டுவோம், உங்களை யாரும் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லவில்லை. பயந்ததில் தப்பு ஒன்றும் இல்லை, அத்தான். பூமாரி அப்பா எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காகிதங்களைத் தபாலில் அனுப்பினால் ஊரிலிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்று அனந்தகிருஷ்ணன் சொன்னார். வேண்டாம், அவர் நேரில் வருவார் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் பயணத்துக்குக் குலசாமி துணையிருக்கட்டும்.

உங்கள்
கோமதியம்மாள்