மேல் வரியில் ஒரு பச்சை டிக்

மார்ச் 3, செவ்வாய்

இன்று என் ஜன்னலை மூடிவிட்டார்கள். பூட்டவில்லை, காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். ஓய்வுக்காலத் திட்டம் பற்றிய ஆலோசனையை இனி சான்றிதழ் பெற்றவர்கள் மட்டுமே தரலாமாம்.

இந்தக் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில், இதே ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாட்டு மணி அடித்தால் உலைக்காரர்களும் பேக்கிங் பெண்களும் படிவத்தோடு வரிசையில் நிற்பார்கள். பென்ஷனை எந்த வகையில் வாங்குவது, எந்தக் கட்டத்தில் டிக் போடுவது, எல்லாம் என்னைக் கேட்டுத்தான். “அக்கா, நீங்களே போட்டுடுங்க” என்பார்கள். என் பச்சை மைப் பேனாவால் போட்டுக் கொடுப்பேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. விதிப் புத்தகத்தை நானே படித்துக் கற்றது.

இப்போது தலைமை அலுவலகத்திலிருந்து சான்றிதழ்க்காரி ஒருத்தி வந்திருக்கிறாள். முப்பது வயது இருக்கும். மரியாதையாகப் பேசினாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 4

வீட்டுக்காரர் சொன்னார்: “இன்னும் ரெண்டு வருஷம்தானே, ஃபைலைத் தூசி தட்டிட்டு வந்துடேன்.” வேலையில் இருந்தவரை பஸ்ஸில் எல்லோரையும் முன்னால் நகரச் சொன்ன கண்டக்டர். எனக்கு மட்டும் பின்னால் நகரச் சொல்கிறார்.

சான்றிதழ்த் தேர்வுக்கு நானும் விண்ணப்பித்துவிட்டேன். பட்டம் இல்லாதவர்களுக்குப் பத்து வருஷ அனுபவம் போதுமாம். என்னிடம் மூன்று மடங்கு இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

புத்தகங்கள் வந்தன. மூன்று. தலையணை உயரம்.

நான் ஏன் படிக்கிறேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஜன்னலுக்காக மட்டும் இல்லை. தம்பிக்காகவும்.

அவன் உலைப் பிரிவில் இருந்தான். உலைச் சூட்டில் உடம்பு கெட்டு நாற்பத்தாறு வயதிலேயே ஓய்வு பெற்று, பதினாலு மாதத்தில் போய்விட்டான். மறு மாதமே பென்ஷன் நின்றது. அவன் மனைவிக்கு ஒன்றும் இல்லை. படிவத்தில் இரண்டு வரி உண்டு. மேலே ‘ஒருவர் ஆயுள்’, தொகை அதிகம், ஆளோடு முடிந்தது. கீழே ‘இருவர் ஆயுள்’, தொகை குறைவு, ஆனால் மனைவி இருக்கும்வரை வரும். தம்பிக்கு நான் கீழ் வரியில்தான் டிக் போட்டேன். கம்பெனி மாற்றி வைத்திருக்கிறது. ‘படிவம் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது, வந்து பாருங்கள்’ என்று இரண்டு முறை எழுதினார்கள். போகவில்லை. மாற்றியவன் காட்டுவதை நான் ஏன் பார்க்க வேண்டும்?

ஒன்பது வருஷமாகக் கம்பெனிக்கு மாதம் ஒரு கடிதம், தம்பி மனைவியின் பெயரில். நான் எழுதுவேன், அவள் கையெழுத்துப் போடுவாள். சான்றிதழ் வரட்டும், இவர்களை இவர்கள் பாஷையிலேயே கேட்கிறேன்.

ஏப்ரல் 9

இன்று படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். “ம்” என்றார்.

ஆயுள் அட்டவணை என்று ஒன்று. ஒரு லட்சம் பேர் ஒன்றாகப் பிறந்ததாக வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு வரி. அந்த வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், தாண்டாதவர்கள் எத்தனை பேர் என்று அதில் இருக்கிறது. யார் என்பது யாருக்கும் தெரியாது. எத்தனை பேர் என்பது மட்டும் தெரியும். கடைசி வரியில் நூறு வயதில் ஒரு சிறு கூட்டம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. எனக்குப் புல்லரித்தது. முப்பத்தோரு வருஷம் இந்தத் தொகைகளைப் படிவத்தில் பார்த்திருக்கிறேன். அவை எங்கிருந்து வருகின்றன என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் ஜன்னலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் பின்னால் அந்த ஒரு லட்சம் பேரும் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

நாற்பத்தேழாவது வரியில் விரலை வைத்தேன். தம்பி அங்கே இருக்கிறான். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

மே 2

கூட்டு வட்டி மூன்றாம் முறையும் தப்பு. கால்குலேட்டரைத் தூக்கிப் போட்டேன். உடையவில்லை. நல்ல கம்பெனி.

மே 20

ஒரு வாக்கியம்: ‘ஆலோசகர் தன் வசதிக்காகவோ, வேகத்துக்காகவோ, பெருமைக்காகவோ அல்லாமல், எதிரில் இருப்பவரின் நன்மைக்காக மட்டுமே பேசக் கடமைப்பட்டவர்.’

பெருமைக்காக என்பதை ஏன் போட்டார்கள்? சட்டம் எழுதுகிறவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

ஜூலை 2, வியாழன்

செய்முறைப் பாடத்துக்காக முடிந்துபோன பத்து ஃபைல்களை ஆராய்ந்து எழுத வேண்டும். சான்றிதழ்க்காரி தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டி வரவழைத்துத் தந்தாள். பழைய ஓய்வுப் படிவங்கள். திறந்ததும் எனக்குச் சந்தோஷம், எங்கே பார்த்தாலும் என் பச்சை மை.

நான்காவது ஃபைலில்தான் கவனித்தேன். எல்லாம் மேல் வரி. பெட்டி முழுக்கப் புரட்டினேன். நாற்பத்தாறு படிவத்தில் என் டிக் முப்பத்தெட்டு. முப்பத்தேழு மேல் வரியில். அதிகமான தொகை எதுவோ அதில் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். வரிசை நீளம், மணி அடித்துவிடும், அடுத்தது, அடுத்தது...

முப்பத்தெட்டாவது தம்பியுடையது. அதுவும் மேல் வரி.

கம்பெனி மாற்றவில்லை. டிக்கின் வாலை நான் இழுக்கும் விதம் எனக்குத் தெரியாதா? கீழே, மனைவியின் ஒப்புதல் என்ற இடத்தில் தம்பி மனைவியின் கையெழுத்து. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து வாங்கியது. இப்போது ஞாபகம் வருகிறது. “போடு, நான் பாத்துட்டேன்”னு சொன்னேன். நான் பாத்துட்டேன்னு. என்னத்தைப் பாத்தேன்?

ஜூலை 3

வேலைக்குப் போகவில்லை.

ஜூலை 19

புத்தகத்தை மறுபடி எடுத்தேன். ஏன் என்று தெரியவில்லை. விட்டுவிட்டால் இன்னும் அசிங்கம்.

ஆகஸ்ட் 22, சனி

தேர்வு. மூன்று மணி நேரம், கணினியில். அறையில் எல்லோரும் என் பாதி வயது. கண்காணிப்பாளர் என்னைத் துணைக்கு வந்தவள் என்று நினைத்து வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். நுழைவுச் சீட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

முடித்ததும் திரையிலேயே வந்துவிட்டது. எழுபது வேண்டும். எண்பத்தொன்று.

ஆகஸ்ட் 30

தேர்வு போதாது, உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. ஏழாவது கேள்வி: ‘உங்கள் ஆலோசனையால் எப்போதாவது எவருக்கேனும் இழப்பு நேர்ந்துள்ளதா?’

வீட்டுக்காரர் படித்துவிட்டு, “இல்லைன்னு போடு. அப்ப நீ ஆலோசகரே இல்லையே, ஜன்னல்ல உட்கார்ந்திருந்த கிளார்க்குதானே” என்றார். சட்டப்படி அவர் சொல்வது சரி. முப்பத்தோரு வருஷம் கிளார்க் இல்லை என்று சாதித்தவள் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கிளார்க் ஆவதா?

‘ஆம்’ என்று போட்டேன். தம்பியின் விஷயத்தை முழுசாக எழுதினேன். மற்ற முப்பத்தேழு பேர் விவரம் இன்னும் தெரியாது, தேடித் தருகிறேன் என்றும் எழுதினேன். நீல மையில்.

செப்டம்பர் 18

சான்றிதழ் தரும் குழுவிலிருந்து பதில். பாதிக்கப்பட்டவரின் கடிதம் வந்த பிறகே முடிவாம். அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டும். சான்றிதழ் போகட்டும், அது வெறும் காகிதம். அவள் கதவைச் சாத்திவிட்டால் தம்பி பக்கத்தில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

செப்டம்பர் 20, ஞாயிறு

போனேன். அவள் தையல் மெஷினில் யாருடைய திரைச்சீலையையோ மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வழக்கம்போலக் கையை நீட்டினாள், கடிதத்துக்காக. நான் படிவத்தின் நகலைக் கொடுத்தேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நூலைக் கடித்து அறுத்தாள். “தெரியும் அண்ணி” என்றாள்.

எப்படி என்று கேட்டேன்.

“கையெழுத்து போடறப்பவே பாத்தேன். டிக் மேல இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு விட்டுட்டேன்.”

தெரிந்துகொண்டே நூறு கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டாயா என்றேன். எனக்குக் கோபமே வந்தது, அவள்மேல். எனக்கு!

“மொத ரெண்டு வருஷம் எனக்கும் கோவம்தான். உங்க டீயில சர்க்கரையே போடல. நீங்க கவனிக்கவே இல்ல, குடிச்சிட்டு கம்பெனியத் திட்டிட்டுப் போவீங்க.” சிரித்தாள். பிறகு துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “அவர் போனப்புறம் இந்த வீட்டுக்கு யாரு அண்ணி வந்தாங்க? கையெழுத்து வாங்கணும்னு நீங்க மாசாமாசம் வந்தீங்க. வந்தா ரெண்டு மணி நேரம் இருப்பீங்க. உண்மையச் சொல்லிட்டா அதுவும் நின்னுடும்ல.”

அந்தப் பத்துக்குப் பத்து அறையில் அவள் எதிரில் உட்கார்ந்தேன். ஆயுள் அட்டவணையைப் பார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படி. அதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்றை, ஒன்பது வருஷம் எதிரிலேயே உட்கார்ந்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

குழுவுக்குக் கடிதத்தை அவளே எழுதினாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை. நாக்கால் நனைத்து உறையை ஒட்டினாள். நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

அக்டோபர் 27

வந்துவிட்டது. சான்றிதழ், நிபந்தனையோடு. ஒரு வருஷத்துக்கு என் ஒவ்வொரு ஆலோசனையிலும் சான்றிதழ்க்காரியும் கையெழுத்திட வேண்டும். முப்பத்தேழு பேரின் வீடுகளுக்கும் போய் நிலைமையை எழுதித் தர வேண்டும்.

பழைய நானாக இருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். முதல் பத்து முகவரி எடுத்துவிட்டேன்.

நவம்பர் 12, வியாழன்

ஜன்னலை எடுத்துவிடச் சொன்னேன். ஒரு ஆள் மட்டும் குனிந்து நிற்கிற ஓட்டை அது. மேஜை போட்டு, எதிரில் இரண்டு நாற்காலி கேட்டேன். “வர்றது ஒருத்தர்தானே?” என்றார் ஸ்டோர் பொறுப்பாளர். இரண்டுதான் என்றேன். தகராறு பண்ணித்தான் வாங்கினேன். அந்தக் குணம் போகாது.

இன்று முதல் ஆள், உலைப் பிரிவின் மேஸ்திரி. “அக்கா, நீங்களே டிக் போட்டுடுங்க.” வீட்டுக்காரம்மா எங்கே என்று கேட்டேன். அடுத்த மாதம் ஓய்வு பெறப்போவது தான்தானே, அவள் எதற்கு என்றார். அழைத்து வந்தால்தான் பேசுவேன் என்று திருப்பி அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போய் மூன்று மணிக்கு அழைத்து வந்தார்.

இரண்டு வரியையும் படித்துச் சொன்னேன். அவள் எழுத்துக்கூட்டித் தானும் ஒருமுறை படித்தாள். இருபது நிமிஷம் ஆனது. மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். பச்சைப் பேனாவை அவர்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, என் இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 15, ஞாயிறு

தம்பி மனைவி வீட்டுக்குப் போனேன். கையெழுத்து வாங்க எதுவும் இல்லை. மூன்று மணி நேரம் இருந்தேன்.

டீயில் சர்க்கரை அதிகம். சொன்னேன்.